70,000 பொம்மைகள், ஒரே கேள்வி: மாலை 7 மணிக்கு வாட்டர்லூவில் யார் எங்கே நின்றார்கள்?

லண்டன் செல்சீ பகுதியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு போர்க்களமே இருக்கிறது. பக்கத்துக்கு 18 அடிக்கு மேல் நீளம். மேடு, பள்ளம், பண்ணை வீடு, வேலி, சாலை, வயல் எல்லாம் அதில் உண்டு. நடுவே, ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் 70,000-க்கும் அதிகமான ஈயக் கலவைப் பொம்மைகள். தள்ளி நின்று பார்த்தால் சர்க்கரையில் மொய்த்த எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சிப்பாய்.

அது 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியனின் கடைசிப் போர். அந்த நாளின் ஒரே ஒரு நேரத்தை, மாலை சுமார் 7 மணியை, அப்படியே உறைய வைக்க முயன்றவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட். இதற்காக அவர் 8 வருடம் செலவழித்தார், கடனாளி ஆனார், நாட்டின் மிகப் பெரிய மனிதரின் அதிருப்தியைச் சம்பாதித்தார். கடைசியில், தானே நட்டு வைத்த பொம்மைகளில் ஒரு பெரும் பகுதியைத் தானே பிடுங்கவும் செய்தார்.

ஒரு பொம்மை மாடலுக்கா இவ்வளவு ரகளை என்று கேட்கலாம். போரை பொம்மையாகச் செய்ய உட்கார்ந்த யாரும் இந்தச் சிக்கலில் ஏதோ ஓர் அளவுக்கு மாட்டாமல் தப்புவதில்லை.

மாடல் வேறு, டயோரமா வேறு

கடையில் கிட் வாங்கி, பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து அலமாரியில் வைக்கும் டாங்க் ஒரு மாடல். அதே டாங்க் சேற்றில் சிக்கி நிற்க, இரண்டு பேர் தள்ள, ஒருவன் சலிப்போடு சிகரெட் பற்றவைத்தால் அது டயோரமா. முதலாவது ஒரு பொருளைக் காட்டுகிறது, இரண்டாவது ஒரு கணத்தை. ‘டயோரமா’ என்ற சொல்லைப் பரப்பியவர், பின்னாளில் போட்டோகிராஃபிக்காகப் பெயர் பெற்ற லூயி டாகெர். 1822-ல் பாரிஸில் அவர் நடத்திய ஒளி-ஓவியக் காட்சிக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பிறகு அது பொம்மைக் காட்சிகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

கிட் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் அடியிலிருந்து கையாலேயே செய்வதை ஹாபிக்காரர்கள் ‘ஸ்க்ராட்ச் பில்ட்’ என்பார்கள். சைபோர்ன் காலத்தில் கிட் ஏது? அவருக்கு வேறு வழியே இல்லை.

முதலில் மண்

சைபோர்ன் வாட்டர்லூவில் சண்டை போட்டவர் இல்லை. போர் முடிந்த பிறகு பிரான்ஸில் தங்கிய படையோடு போய்ச் சேர்ந்தவர். அவருடைய பலம் நில அளவையும் வரைபடமும்தான். 1830-ல் பிரிட்டிஷ் ராணுவம் வாட்டர்லூவுக்கு ஒரு மாடல் வேண்டும் என்று நினைத்தபோது, அந்த வேலை அவர் கைக்கு வந்தது.

அவர் எடுத்த எடுப்பிலேயே பொம்மை வார்க்க உட்காரவில்லை. பெல்ஜியத்துக்குப் போனார். போர்க்களத்தின் நடுவிலேயே இருந்த ‘லா ஹே சாந்த்’ என்ற பண்ணை வீட்டில் 8 மாதம் தங்கி, நிலத்தை அளந்தார். எந்த மேட்டின் பின்னால் நின்றால் எதிரி கண்ணுக்குத் தெரியாது, எந்தப் பாதை பள்ளமாக ஓடுகிறது என்பதெல்லாம் அந்தப் போரின் போக்கையே தீர்மானித்த விஷயங்கள். வெலிங்டன் தன் படையின் பெரும் பகுதியை மேட்டின் மறுசரிவில் மறைத்து வைத்தார். மேட்டைத் தப்பாகச் செய்தால் மொத்தக் கதையும் தப்பாகிவிடும்.

அதிலும் ஒரு சோதனை காத்திருந்தது. 1820-களில், போரில் ஒரு டச்சு இளவரசர் காயம்பட்ட இடத்தின் நினைவாக அங்கே 40 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு செயற்கைக் குன்றை எழுப்பி, உச்சியில் சிங்கச் சிலை வைத்திருந்தார்கள். அதற்கான மண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? வெலிங்டனின் படை நின்ற அதே மேட்டிலிருந்துதான். போரை நினைவுகூர, போர் நடந்த நிலத்தையே சுரண்டிவிட்டார்கள். ஆக, சைபோர்ன் கண் முன்னால் இருந்ததை மட்டும் அளந்தால் போதாது. 15 வருடம் முன்பு அங்கே என்ன இருந்தது என்பதையும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டு மேஜையில் ஒரு ஷூ பெட்டி அளவுக்கு டயோரமா செய்பவருக்கும் வரிசை இதேதான், முதலில் மண். தெர்மாகோலை (அழுத்தமான ரகமாக இருந்தால் நல்லது, மணி மணியாக உதிராது) அடுக்கி, கத்தியால் சீவி மேடு பள்ளம் கொண்டுவர வேண்டும். அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அல்லது நியூஸ்பேப்பர் கூழ். அதற்கும் மேல், சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்த உண்மையான மண். வறுக்காமல் விட்டால் இரண்டு மாதத்தில் பூச்சி, பூஞ்சை எல்லாம் குடிவந்துவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடிப்பொடியாக வெட்டிக்கொள்ளலாம். காய்ந்த சருகுக்கு டீத்தூள். மரத்துக்கு பழைய எலெக்ட்ரிக் வயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரிக்கலாம். கொலுவில் பார்க் கட்டிப் பழகிய கைக்கு இதெல்லாம் புதுசே இல்லை.

பொம்மை ஏன் நிலத்தை விடப் பெரிசு?

சைபோர்னின் நிலம், ஒரு மைலுக்கு 9 அடி என்ற ஸ்கேலில் செய்யப்பட்டது. கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 1/587. அந்த அளவில் ஒரு மனிதனைச் செய்தால் அவன் உயரம் வெறும் 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரியவன். தொப்பி தெரியாது, துப்பாக்கி தெரியாது, எந்த நாட்டுச் சிப்பாய் என்றே தெரியாது.

அதனால் பொம்மைகளை மட்டும் சுமார் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு வார்த்தார். நிலத்தின் ஸ்கேலை விட மூன்று மடங்குக்கும் மேல் பெரிசு. இப்போது வேறொரு பிரச்சினை. பெரிய பொம்மைகளை உண்மையான எண்ணிக்கையில் நிறுத்தினால் இடம் போதாது, படைப்பிரிவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அதற்கு அவர் கண்ட தீர்வு: ஒரு பொம்மை, இரண்டு வீரர்களுக்குச் சமம். 70,000 பொம்மைகளை வைத்து ஒன்றரை லட்சம் பேர் மோதிய களத்தைக் காட்ட முடிந்தது இப்படித்தான்.

இது ஏமாற்று வேலை இல்லை. எல்லா ஸ்கேலும் ஏதோ ஒரு சமரசம்தான். இன்றைய போர் டயோரமாக்களில் அதிகம் புழங்கும் 1/35 எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் ஒரு பேந்தர் டாங்க் பொம்மையை வடிவமைத்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ, அந்த அளவுக்கு டாங்கைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அது 1/35. பேட்டரி முடிவு செய்த அளவு உலக அளவுகோலாகிவிட்டது!

1/35-ல் 175 செ.மீ. உயர மனிதன் சரியாக 5 செ.மீ. வருவான். கையால் செய்யப் பழகுபவருக்கு இது வசதியான அளவு. மெல்லிய கம்பியில் எலும்புக்கூடு கட்டி, தலை, மார்பு, இடுப்பு மூன்றையும் தனித்தனி உருண்டையாக வைத்து, எம்-சீல் மாதிரி எபாக்ஸி மாவால் தசை ஏற்ற வேண்டும். புதியவர்கள் பலர் முகத்தில்தான் மெனக்கெடுகிறார்கள். உண்மையில் பொம்மைக்கு உயிர் வருவது இடுப்பில். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் மனிதனின் இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கும், தோள் எதிர்ப் பக்கம் சரியும். அதைப் பிடித்துவிட்டால் மூக்கு சரியாக இல்லாவிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இடுப்பைக் கோட்டைவிட்டால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜவுளிக்கடை பொம்மைதான்.

பெயின்ட்டிலும் இதே கதை. 5 செ.மீ. பொம்மையின் சட்டை மடிப்பில் விழும் நிழல், கண்ணுக்கு எட்டாத அளவு மெல்லியது. அதனால் மடிப்பின் உள்ளே கருமையையும் மேட்டில் வெளிர் நிறத்தையும் கையாலேயே தீட்ட வேண்டும். இயற்கை செய்யாததைப் பிரஷ் செய்தால்தான் இயற்கையாகத் தெரியும்.

எந்த நிமிஷம்?

1970-களில் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்ன், மோனோகிராம் நிறுவனத்தின் கிட்களோடு வந்த துண்டுப் பிரசுரங்களில் டயோரமா செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கினார். ஒரு தலைமுறையே அதைப் பார்த்துக் கற்றது. டயோரமா ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய விஷயம். கதை என்றால் எந்தக் கணம் என்று முடிவு செய்தாக வேண்டும். குண்டு வெடிக்கும் கணத்தைக் காட்டுவதா, வெடிப்பதற்கு முந்தைய கணத்தையா? பெரும்பாலும் முந்தையதுதான் கனமாக இருக்கும். அந்தரத்தில் தொங்கும் பஞ்சுப் புகையை விட, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் டீ குடிக்கும் சிப்பாய் அதிகம் உறுத்துவான்.

சைபோர்ன் தேர்ந்தெடுத்தது போரின் உச்சக்கட்டம். மாலை 7 மணி சுமாருக்கு நெப்போலியன் தன் கடைசித் துருப்பான இம்பீரியல் கார்டு படையை வெலிங்டனின் வரிசை மீது ஏவினார். அது முறிந்தது, பிரெஞ்சுப் படையும் சேர்ந்து முறிந்தது. சைபோர்ன் எட்டு மாதம் தங்கிய லா ஹே சாந்த் பண்ணை அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயிருந்தது. மாடலிலும் அப்படியே.

ஆனால் அந்த நேரத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் சரியாக எங்கே நின்றது? எந்தப் பக்கம் பார்த்து நின்றது? இதற்கு எந்த ஆவணத்திலும் முழுப் பதில் இல்லை. சைபோர்ன் உயிரோடு இருந்த அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை மாதிரி கடிதம் எழுத ஆரம்பித்தார். ‘7 மணிக்கு உங்கள் பிரிவு எந்த வடிவத்தில் இருந்தது? எதிரே யார்? உங்களைச் சுற்றி வயலில் என்ன பயிர்?’ என்கிற தினுசில் கேள்விகள். கூடவே ஒரு வரைபடம், குறித்து அனுப்ப.

பயிரா? ஆமாம். ஜூன் மாதம், ஆள் உயரம் கம்பு போல வளர்ந்து நிற்கும் ரை என்ற தானியம். முந்தின நாள் கொட்டிய மழையில் நிலம் முழுக்கச் சேறு. குதிரைகளும் ஆயிரக்கணக்கான கால்களும் மிதித்த இடத்தில் பயிர் பாய் மாதிரி படுத்துக் கிடந்திருக்கும், மிதிக்காத இடத்தில் நின்றிருக்கும். எந்த வயல் படுத்திருந்தது என்று தெரிந்தால் படை எந்த வழியாகப் போனது என்றும் தெரியும். வெறும் அலங்காரத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது.

பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. 20 வருடத்துக்கு முந்தைய ஒரு மாலை, புகை மண்டலம், உயிர்ப் பயம். யாருக்குக் கடிகாரம் பார்க்க நேரம் இருந்திருக்கும்? இம்பீரியல் கார்டைத் துரத்தியது எங்கள் பிரிவுதான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் உரிமை கொண்டாடின. பிரஷ்ய ராணுவத் தலைமையகமும் தன் தரப்பு விவரங்களைக் கொடுத்தது. அந்தக் கடிதங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1891-ல் சைபோர்னின் மகன் அவற்றில் ஒரு பகுதியைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். ஒரு மாடலுக்காகச் சேர்த்த குறிப்புகள், வாட்டர்லூ பற்றி எழுதும் வரலாற்று ஆசிரியர்களுக்கு இன்றுவரை சோறு போடுகின்றன.

வெலிங்டன் மட்டும் இந்த முயற்சியை ரசிக்கவில்லை. போர் முடிந்த சில வாரங்களிலேயே, ஒரு போரின் வரலாற்றை எழுதுவது ஒரு நடன விருந்தின் வரலாற்றை எழுதுவது மாதிரி என்று அவர் ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார். சின்னச் சின்ன சம்பவங்கள் ஆளுக்கு ஆள் நினைவிருக்கும். எது எந்த நொடியில், எந்த வரிசையில் நடந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது என்பது அவர் கட்சி. நியாயமான வாதம்தான். ஆனால் அதைச் சொன்னவர் அந்த விருந்தின் நாயகன் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிரச்சினை பண்ணிய 40,000 பேர்

வெலிங்டனிடம் இருந்தது சுமார் 68,000 பேர். நெப்போலியனிடம் அதை விடக் கொஞ்சம் அதிகம். வெலிங்டன் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தது, ப்ளூஹரின் பிரஷ்யப் படை வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான். பிரஷ்யர்களின் முதல் பிரிவு மாலை நாலரை மணி வாக்கில் பிரெஞ்சுப் படையின் வலப்புறத்தில் மோதத் தொடங்கியது. பிளான்சென்வா கிராமத்தில் கடும் சண்டை. நெப்போலியன் தன் கார்டு படையிலேயே ஒரு பகுதியை அங்கே திருப்ப வேண்டிவந்தது. 7 மணி சுமாருக்கு இன்னொரு பிரஷ்யப் படைப்பிரிவு வெலிங்டனின் இடது முனையை எட்டியது.

அப்படியானால் இம்பீரியல் கார்டு முறிந்த அந்த நேரத்தில் போரை ஜெயித்தது யார்? பிரிட்டிஷ் வரிசையா, பக்கவாட்டில் இறங்கிய பிரஷ்யர்களா?

எழுத்தில் இதைச் சமாளிக்கலாம். ‘பிரஷ்யர்களின் தக்க சமயத்து உதவி’ என்று ஒரு வாக்கியம் போட்டால் முடிந்தது. வெலிங்டனே போருக்கு மறுநாள் எழுதிய அறிக்கையில் அந்த உதவியைத் தாராளமாகப் பாராட்டியிருந்தார். பொம்மை மாடலில் அந்த வசதி கிடையாது. 7 மணிக்கு பிரஷ்யர்கள் இத்தனை பேர் இங்கே இருந்தார்கள் என்று பொம்மையை நட்டுத்தான் ஆக வேண்டும், அல்லது நடாமல் விட வேண்டும். ‘ஏறக்குறைய’ என்று ஒரு பொம்மையை நட முடியாது.

சைபோர்ன் நட்டார், அதுவும் பெரிய எண்ணிக்கையில். பார்க்க வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது பிரிட்டிஷ் வீரம் மட்டுமாக இருக்காது, மாடலின் ஒரு பக்கம் முழுக்கப் பிரஷ்யர்கள் வந்து குவிவதும் தெரியும். இது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. பிரஷ்யர்கள் அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கவில்லை, இந்த மாடல் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடும் என்பது அவர்கள் ஆட்சேபம். இதையெல்லாம் சைபோர்னுக்குக் கடிதத்தில் தெரியப்படுத்தியவர் ஃபிட்ஸ்ராய் சோமர்செட். வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கத்தில் இருந்து ஒரு கையையே இழந்தவர், சைபோர்ன் கடிதம் எழுதிய காலத்தில் ராணுவத் தலைமையகத்தில் செயலர்.

சைபோர்ன் சில காலம் தன் நிலையில் நின்றார். கடைசியில், சுமார் 40,000 பிரஷ்ய வீரர்களைக் குறித்த பொம்மைகளை மாடலிலிருந்து அகற்றினார்.

மிரட்டலுக்குப் பணிந்தாரா, கிடைத்த சான்றுகளைத் திரும்பப் பார்த்து மனம் மாறினாரா? வரலாற்று ஆசிரியர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: அந்த மனிதர் அப்போது எதிர்த்து நிற்கும் நிலையில் இல்லை. 1833-லேயே அரசு பணம் தர மறுத்துவிட்டது. கடன் வாங்கினார், அதிகாரிகளிடம் நன்கொடை கேட்டார். எங்கே நின்றீர்கள் என்று யாரிடம் சாட்சி கேட்டாரோ அவர்களிடமே காசும் கேட்க வேண்டிய சங்கடம். மாடலுக்கு ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 3,000 பவுண்டு. ஒரு லெப்டினன்டின் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத தொகை.

டிக்கெட் ஒரு ஷில்லிங்

1838-ல் லண்டன் பிக்காடிலியில் இருந்த ‘எகிப்தியன் ஹால்’ காட்சிக்கூடத்தில் மாடல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கணக்கு. இன்றைய பாஷையில் சூப்பர் ஹிட். ஆனால் போட்ட பணம் சைபோர்னுக்குத் திரும்பவில்லை. மாடலை அரசு வாங்கிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பும் நடக்கவில்லை. சேர்த்த கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து 1844-ல் வாட்டர்லூ போரின் வரலாற்றை எழுதினார். 1849-ல் இறந்தார். ராணுவ நிறுவனம் ஒன்று மாடலை வாங்கியது அதற்குப் பிறகுதான்.

கடனில் மூழ்கிய நாட்களிலேயே அவர் இரண்டாவதாக ஒரு மாடலும் செய்தார். இது வாட்டர்லூவின் ஒரு சின்னப் பகுதி மட்டும், இன்னும் பெரிய ஸ்கேலில், பொம்மைகளின் முகமும் சீருடையும் தெரியும்படி. இப்போது லீட்ஸ் நகரில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த காட்சி, பிரிட்டிஷ் குதிரைப்படை பிரெஞ்சுக் காலாட்படை மீது பாயும் தருணம். நேரம் மதியம் 2 மணி வாக்கு. அந்த நேரத்தில் களத்தின் அந்தப் பகுதியில் பிரஷ்யர்கள் ஒருவர்கூட இல்லை.